பார்த்ததற்கு ஒரு முத்திரை

‘நற்செய்தி’ என்று ஆரம்பித்தது தாள்.

ஹிசானோ அப்போதே உஷாரானாள். கிதாதானி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நண்பகல் அறிவிப்பை வருடக்கணக்கில் படிக்கிறவள் அவள். கம்பெனி ‘நற்செய்தி’ என்று வாயைத் திறந்தால் யாருக்கோ ஏதோ பறிபோகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். போன நற்செய்தியில் கீழ்குரே பஜாரில் இருந்த பில் கவுண்டர் போனது. அதற்கு முந்தைய நற்செய்தியில் டெலிபோன் டைரக்டரி போனது.

ஒலிபரப்பு அறையின் சிவப்பு விளக்கு எரிந்தது. குரே பள்ளத்தாக்கில் எந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் சுவரில் ஒரு பெட்டி தொங்கும். டெலிபோன் கம்பி வழியாகவே அதற்குச் சத்தம் வரும். எந்தத் தோட்டத்தில் கரடி இறங்கியது, யார் வீட்டில் சாவு, இணையத்துக்கு என்ன புதுத் திட்டம், எல்லாம் ஹிசானோவின் குரலில்தான். அந்தக் குரல் வந்தால்தான் பாதி வீடுகளில் அரிசிக் குக்கரைத் திறப்பார்கள்.

“எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஒரு நற்செய்தி. வரும் வெள்ளிக்கிழமை முதல் குரே பள்ளத்தாக்கு முழுவதும் ஒளியிழை இணைப்புக்கு மாறுகிறது. வீட்டு இணையமும் தொலைபேசியும் இனி ஒரே இழையில். பழைய செம்புக் கம்பி இணைப்புகள் அன்று நண்பகலுடன் ஓய்வு பெறுகின்றன…”

அடுத்த வரியில் அவள் கண் நின்றது.

‘இதற்கு வாடிக்கையாளர்கள் அனைவரும் எழுத்துபூர்வமாக ஒப்புதல் அளித்துவிட்டார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.’

ஒப்புதலா? யார் கொடுத்தது? அவளே ஒரு வாடிக்கையாளர். மேல்குரேயில், மலைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருக்கும் கடைசி வீடு அவளுடையது. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்த வரியைத் தாண்டினாள்.

“கரடி பற்றிய எச்சரிக்கை. மேல்குரே செல்லும் பாதையில், சீமைப்பலா… மன்னிக்கவும், சீமைப்பனிச்சை மரத்தடியில் தாய்க்கரடி ஒன்று காணப்பட்டது. பழங்களைப் பறித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். வணக்கம்.”

விளக்கு அணைந்த கையோடு கதவு திறந்தது. கிளை மேனேஜர் ஹதனாகா. நகரத்திலிருந்து இலையுதிர்காலத்தில் மாற்றலாகி வந்தவர். குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, கம்பெனி கொடுத்த வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் சிரித்துக்கொண்டேதான் பறிப்பார்.

“ஹிசானோ-சான், நன்றி சொல்ற வரியை விட்டுட்டீங்களே.”

“கரடி குறுக்க வந்துடுச்சு, மேனேஜர்.”

“நாளைக்குச் சேர்த்துப் படிச்சிடுங்க.”

“படிக்க மாட்டேன். நடக்காததுக்கு எப்படி நன்றி சொல்றது? நான் ஒப்புதல் தரல. எங்க ஊர்ல எவரும் தரல.”

ஹதனாகா இதை எதிர்பார்த்தவர்போலக் கக்கத்திலிருந்த கோப்பை மேஜைமேல் விரித்தார். மேல்குரேயில் வீடு வீடாகக் கைமாறிப் போகும் சுற்றுப்பலகையில் போன மாதம் மாட்டிவந்த கம்பெனியின் ‘வீட்டுச் செய்திகள்’. வழவழப்பான தாள். முன்பக்கத்தில் புது இணைய வேகம், சமையல் போட்டி, ஒரு குடும்பம் மொத்தமும் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பல்லைக் காட்டும் படம். பின்பக்கத்தில், அரிசிக் குருணை அளவு எழுத்தில், ‘கீழே முத்திரையிடுவோர் செம்புக் கம்பி இணைப்பைத் துண்டிக்கச் சம்மதிக்கிறார்கள்’. அதற்குக் கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, குடும்பப் பெயர் பொறித்த முத்திரைகள், வீட்டுக்கு ஒன்றாகச் சிவப்பு வட்டங்கள்.

ஒரு வட்டம் மட்டும் ஓரத்தில் உடைந்திருந்தது. அவள் வீட்டு முத்திரை.

“உங்க வீட்டுதுதானே?” என்றார் ஹதனாகா மென்மையாக.

“எங்க வீட்டுதுதான். ஆனா இது… மேனேஜர், பலகை வந்தா எல்லாரும் குத்துவாங்க. பார்த்தாச்சுன்னு குத்தறது. அதை எடுத்து ஒப்புதல்ங்கறீங்க?”

“பின்பக்கத்துல தெளிவா எழுதியிருக்கு.”

“தெளிவாவா? இதைப் படிக்கறதுக்கு எறும்பைத்தான் கூப்பிடணும்.”

ஹதனாகா சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து உள்ளே வைத்தார்.

“நான் ஆசைப்பட்டா செய்றேன்? செம்புக் கம்பிக்கு உதிரி பாகமே வர்றதில்ல. அதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் உகாய்-சான் ஒருத்தர்தான் மிச்சம். தலைமை ஆபீஸ்ல ‘இன்னும் முடிக்கலையா’ன்னு தினமும் குடையறாங்க. புது இணைப்புல என்ன குறை?”

“கரண்ட் போனா போன் செத்துடும். அதான் குறை.”

“பாட்டரி தர்றோமே.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“நாலு மணி நேரம்.”

ஹிசானோ அவரை நேராகப் பார்த்தாள். “போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பனி விழுந்து கரண்ட் கம்பி அறுந்துது. மூணு நாள் மேல்குரே இருட்டு. ரெண்டாம் நாள் கூரைப் பனியைத் தள்ள ஏறின என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போச்சு. செல்போன் எங்க ஊர்ல நல்ல நாள்லயே எடுக்காது. அந்தப் பழைய போன்ல மட்டும் சத்தம் இருந்துச்சு. அதுக்குக் கரண்ட் உங்க இணைப்பகத்துலேர்ந்து கம்பி வழியா வருது. அது இல்லைன்னா நான் இன்னைக்கு அவரோட படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திட்டிருப்பேன்.”

“அது ரொம்ப அபூர்வமா நடக்கறது…”

“நீங்க இன்னும் ஒரு குளிர்காலம்கூட இங்க இருந்ததில்லை, மேனேஜர்.”

ஹதனாகா கோப்பை மூடினார். “குத்தினவங்க எல்லாரும் அப்புறம் வந்து ‘அந்த அர்த்தத்துல குத்தல’ன்னு சொன்னா உலகம் நடக்குமா? முத்திரைன்னா முத்திரைதான். வெள்ளிக்கிழமை நண்பகல் நான் ரேடியோவுல ஒரு வார்த்தை பேசறேன். நீங்கதான் என்னைக் கேள்வி கேக்கறீங்க. நான் முடிச்சதும் உகாய்-சான் இணைப்பகத்துல ப்யூஸை உருவிடுவார். கேள்வியெல்லாம் எழுதித் தந்துடுவேன்.”

வாசல்வரை போனவர் திரும்பினார். “வேலையைக் கெடுத்துக்காதீங்க.”

மிரட்டல் மாதிரி இல்லை. அக்கறை மாதிரி இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்தபோது கணவன் கென்சாகு கணப்பு மேஜையின் போர்வைக்குள் இடுப்புவரை புதைந்து, ஆரஞ்சுத் தோலால் ஒரு கோபுரம் கட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க ரேடியோக்காரம்மா. நன்றியே சொல்லாம நிறுத்திட்டியாமே? உகாய் போன் பண்ணினான்.”

“முத்திரை குத்தினது யாரு?”

“எதுல?”

“பலகையில. போன மாசம்.”

கென்சாகு யோசித்தான். “நான்தான். நீ வேலைக்குப் போயிருந்தே. பலகை வந்துச்சு, குத்தினேன், கீழ்வீட்டு வாசல்ல மாட்டிட்டு வந்தேன்.”

“படிச்சீங்களா?”

“எவன் படிப்பான்? குப்பை எடுக்கற நாள், சாக்கடை சுத்தம் பண்ற முறை, காணாமப்போன பூனை. போன வருஷம் ஒரு பலகை தலைகீழா மாட்டியிருந்துச்சு. ஊரே அப்படியே குத்தி அனுப்பிச்சுது. பலகை வந்தா குத்தணும். குத்தலைன்னா அது நம்ம வீட்டுலயே நிக்கும். அடுத்த வீட்டுக்காரன் நம்மளை என்ன நினைப்பான்?”

“அந்தக் குத்துக்குத்தான் உங்க போனை வெட்டப் போறாங்க.”

தோல் கோபுரம் சரிந்தது. கென்சாகுவின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. ஹாலின் மூலையில் அந்தப் போன் உட்கார்ந்திருந்தது. வெளுத்துப்போன பொத்தான்கள். அதற்கு யாரோ பின்னிப்போட்ட லேஸ் உறை.

அன்று மாலை ஹிசானோ அதே போனில் ஊரைச் சுற்றினாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில். ‘பார்த்தேன்னு குத்தினேன்.’ ‘நீ படிச்சிருப்பேன்னு நினைச்சேன்.’ ஒரு வீட்டில், ‘ஒப்புதலா? எங்க வீட்டு நாய்க்குட்டிகூட அதைச் சரியா பார்க்கல’ என்றார்கள்.

கடைசியாகத் தலைமை அலுவலகத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்தது. பதிவு செய்த ஒரு பெண்குரல் வந்தது.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. ஒளியிழை மாற்றம் குறித்த உங்கள் ஒப்புதல் பெறப்பட்டுவிட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு…”

ஹிசானோ ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அது அவளுடைய குரல். கோடைக்காலத்தில் ‘பொதுவான வாசகங்கள்’ என்று சொல்லி ஒரு மதியம் முழுக்கப் பதிவு செய்துகொண்டு போனார்கள். துண்டு துண்டாகச் சொன்னதை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

“யாரு பேசறா?” என்றான் கென்சாகு.

“நான்தான்.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான். நான் ஒத்துக்கிட்டேனாம்.”

கென்சாகு சிரிக்க ஆரம்பித்தான். இடுப்பு வலித்தும் நிறுத்த முடியவில்லை. ஹிசானோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் வாசல்பக்கம் போயிற்று. செருப்பு அலமாரியின்மேல், சாவிக்குப் பக்கத்தில், அந்த உடைந்த முத்திரை. எந்த வீட்டிலும் அது அங்கேதான் இருக்கும். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். பார்க்காமலே எடுத்துக் குத்தலாம்.

எந்த வீட்டிலும்.

“ஏங்க,” என்றாள். “மேனேஜர் வீட்டுக்கும் பலகை போகும்ல?”

மறுநாள் வேலைக்குப் போகும் முன் அவள் கீழ்குரே பஜாரில் இறங்கி, அராயின் தோஃபு கடைக்குள் நுழைந்தாள். கடை முழுக்க ஆவி. ஆவிக்குள்ளிருந்து ரப்பர் பூட்ஸும் சிவந்த கைகளுமாக அராய் வெளிப்பட்டாள். மேனேஜர் குடியிருக்கும் கம்பெனி வீட்டுக்கு ஒட்டின வீடு அவளுடையது. அந்தத் தெருவின் பலகை இந்த வருஷம் அவள் பொறுப்பு.

ஹிசானோ ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தூரிகைப் பேனாவால், குழந்தைகூடப் படிக்கிற அளவில் எழுதியிருந்தாள்.

‘குரே பள்ளத்தாக்கின் செம்புக் கம்பித் தொலைபேசியை, ஒவ்வொரு வீட்டிலும் நேரில் கேட்டுச் சம்மதம் வாங்காமல் நிறுத்த மாட்டேன். கிதாதானி தொலைத்தொடர்பு கிளை மேலாளர் என்ற முறையில் இதற்கு ஒப்புக்கொள்கிறேன்.’

அராய் ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“பலகையில மாட்டச் சொல்றே.”

“பனி அள்ற முறை அட்டவணைக்கும் குப்பை அறிவிப்புக்கும் நடுவுல.”

“எழுத்து இவ்வளவு பெரிசா இருக்கே, படிச்சிடுவாரே? பொடியா எழுதிப்போடேன்.”

“பொடியா எழுதறது அவங்க வேலை. நான் அந்த வேலை செய்ய மாட்டேன். படிச்சாருன்னா நேரா வந்து சண்டை போடட்டும். அதுவும் எனக்குச் சம்மதம். படிக்காம குத்தினாருன்னா…”

“குத்தினாருன்னா?”

“வெள்ளிக்கிழமை பேசிக்கறேன்.”

அராய் தாளைத் திருப்பித் தரவில்லை. “எனக்கு ஆர்டரெல்லாம் போன்லதான் வருது. புது இணைப்புப் பெட்டியில ப்ளக்கைச் சொருகு, விளக்கு பச்சையா இருக்கான்னு பாருன்னு ஒரு பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு. சோயா கொதிக்கறப்போ எவ விளக்கைப் பார்த்துட்டு நிப்பா?” பலகையின் கிளிப்பை அமுக்கித் தாளைச் செருகினாள். “முதல்ல நான் குத்தறேன். வரிசையில அவர் கடைசி. மத்தவங்க குத்தினதைப் பார்த்தாத்தானே ஆளுக்கு தைரியம் வரும்?”

“உங்க மேல பழி வரும், அராய்-சான்.”

“வரட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா தினமும் தோஃபு குடுக்கறேன். ஒரு நாளாவது காரம் போட்டுக் குடுத்தா என்ன?”

பலகை புறப்பட்டது. அடுத்த இரண்டு நாட்களும் ஹிசானோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நண்பகலில் தாளில் இருந்ததைப் படித்தாள். நன்றி வரியை மட்டும் ஒவ்வொரு நாளும் விழுங்கினாள். ஹதனாகா கண்டும் காணாததுபோல இருந்தார். வெள்ளிக்கிழமை தானே பேசப்போகிற தெம்பு அவருக்கு.

வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது தோஃபு கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் கீழிருந்து ஒரு கை நீண்டு மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தது.

“மேனேஜர் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழட்டல,” என்றது ஷட்டருக்குப் பின்னாலிருந்து அராயின் குரல். “ஜன்னல் வழியா பார்த்தேன். ஒரு கையில போன், காதுல யாரோ திட்டிட்டிருக்காங்க போல, ‘சரிங்க, சரிங்க’ன்னு தலையாட்டிட்டே இன்னொரு கையால டொக்குன்னு குத்தினார். என் வாசல்ல கொண்டாந்து மாட்டிட்டு வணக்கமும் சொல்லிட்டுப் போனார். பாவமா இருந்துச்சு.”

“பாவமா?”

“ஒரு நிமிஷம். அப்புறம் சரியாயிடுச்சு.”

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் அழுக்குப் பஞ்சு மாதிரி தாழ்ந்து தொங்கியது. பதினொன்றரைக்கு முதல் பனி விழ ஆரம்பித்தது. பெரிய பெரிய துண்டாக, அவசரமே இல்லாமல்.

ஒலிபரப்பு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். ஹதனாகா புது டை கட்டி வந்திருந்தார். கேள்விகள் எழுதிய தாளை அவள்முன் நேராக்கி வைத்தார். ஹிசானோவின் கோட்டுப் பையில் இன்னொரு தாள் மடித்துக் கிடந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. இதைச் செய்தால் வேலை போகும். செய்யாவிட்டால் போன் போகும். கூரையில் அடுத்த முறை கென்சாகு ஏறும்போது, ஏறவேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளில்லை அவன், கீழே அவள் கையில் என்ன இருக்கும்?

அன்று வழக்கத்தைவிடக் கால் மணி முன்னதாகவே சிவப்பு விளக்கு எரிந்தது.

“குரே பள்ளத்தாக்கு மக்களுக்கு வணக்கம். கிதாதானி தொலைத்தொடர்பின் நண்பகல் அறிவிப்பு. இன்று நம் கிளை மேலாளர் ஹதனாகா-சான் நம்மோடு இருக்கிறார். மேலாளரே, புதிய இணைப்பால் என்ன நன்மை?”

ஹதனாகா அழகாகப் பேசினார். வேகம். தெளிவு. பேரப்பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசலாம். இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி. கடிகாரம் நண்பகலை நெருங்கியது. அந்த நேரத்தில் இணைப்பகத்தில் உகாய், பெட்டிக்குக் கீழே, ப்யூஸ் உருவும் குறடுடன் நின்றுகொண்டிருப்பான்.

தாளில் கடைசிக் கேள்வி முடிந்தது. ஹதனாகா நிறைவாகத் தலை குனிந்தார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு, மேனேஜர்,” என்றாள் ஹிசானோ. அறிவிப்பாளர் குரல் போய், வீட்டுக் குரல் வந்துவிட்டிருந்தது. “இது நீங்க எழுதித் தந்ததுல இல்ல. சுற்றுப்பலகையில முத்திரை குத்தினா அதுக்கு என்ன அர்த்தம்?”

ஹதனாகாவின் புருவம் ஏறியது. சிவப்பு விளக்கைப் பார்த்தார். பள்ளத்தாக்கு முழுவதும் சமையலறைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறது. நிதானமாகப் பதில் சொன்னார். “அதில் எழுதியிருப்பதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று அர்த்தம். முத்திரை என்றால் முத்திரைதான்.”

“நன்றி.” பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். “இது கீழ்குரே பஜார் தெருவோட பலகையில இந்த வாரம் சுத்தினது. படிக்கிறேன்.”

படித்தாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“இதுக்குக் கீழே தெருக்காரங்க முத்திரையெல்லாம் இருக்கு. கடைசி முத்திரையை மட்டும் நீங்களே மைக்குல படிச்சிடுங்க, மேனேஜர்.”

தாள் மேஜைக்குக் குறுக்கே நகர்ந்தது. ஹதனாகா பார்த்தார். அவர் காது நுனி முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

“ஹதனாகா,” என்றார் மெல்ல. தன் பெயரை முதல்முறை கேட்பவர்போல.

“உங்க முத்திரைதானே?”

“என்னுதுதான். ஆனா நான் இதை… பலகை வந்துச்சு. போன்ல பேசிட்டிருந்தேன். பார்த்தாச்சுன்னு ஒரு…”

நின்றுவிட்டார். சொன்னது காதில் விழுந்துவிட்டது. அவர் காதில் மட்டுமல்ல.

ஹிசானோ அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தாள். ஒலிபரப்பில் வெற்று அமைதி என்பது பெரிய குற்றம். அவள் வாழ்நாளில் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை. இப்போது செய்தாள்.

“எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க, மேனேஜர். முத்திரைன்னா ஒப்புதல்தான்னு சொன்னா, எங்களைக் கேக்காம கம்பியை நிறுத்த மாட்டேன்னு நீங்க ஒத்துக்கிட்டாச்சு. பார்த்தாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்னு சொன்னா, நாங்க யாருமே ஒத்துக்கல. ரெண்டுல எதைத் தொட்டாலும் இன்னைக்கு ப்யூஸை உருவ முடியாது. ஒண்ணைச் சொல்லுங்க.”

“இது தந்திரம்,” என்றார் ஹதனாகா.

“ஆமா. உங்ககிட்டக் கத்துக்கிட்டது. எழுத்தை மட்டும் பெரிசாக்கினேன்.”

மேஜை மேலிருந்த போன் அடித்தது. உள்தொடர்பு. ஹதனாகா எடுக்கவில்லை. ஹிசானோ ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாள்.

“உகாய் பேசறேன்.” இணைப்பகத்தின் உறுமல் பின்னால் கேட்டது. “மேனேஜர், மணி பன்னிரண்டு. குறடு கையில இருக்கு. நான் பாட்டுக்கு உருவிட்டா, நீங்க சொல்லப்போற பதில் யாருக்கும் கேக்காது. பதிலைக் கேட்டுட்டு உருவவா, உருவிட்டுக் கேக்கவா?”

ஹதனாகா கண்ணாடியைக் கழற்றினார். டை முனையால் துடைத்தார். வெளியே பனி கனத்துக்கொண்டிருந்தது. தெருவில் தோஃபு கடை வாசலில் அராய் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் மீன்கடைக்காரர், முடிவெட்டுகிறவர். எல்லோரும் கடைக்குள்ளிருந்த பெட்டியை வாசல்வரை இழுத்து வைத்துக்கொண்டு இந்த ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்கள்.

“தொடாதீங்க, உகாய்-சான்,” என்றார். “எதையும் தொடாதீங்க.”

“எவ்வளவு நாளைக்கு?” இது ஹிசானோ.

“ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கறவரைக்கும்.”

“மைக்குக்குக் கிட்ட வந்து சொல்லுங்க. மேல்குரேயில பெட்டிச் சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கும்.”

ஹதனாகா நாற்காலியை முன்னே இழுத்தார். முழங்கால்கள் இடித்தன. “ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து, கேட்டு, சம்மதம் வாங்காமல் செம்புக் கம்பி இணைப்பை நிறுத்த மாட்டோம். கிளை மேலாளர் என்ற முறையில் சொல்கிறேன்.”

“கிதாதானி தொலைத்தொடர்பின் நண்பகல் அறிவிப்பு நிறைவடைந்தது,” என்றாள் ஹிசானோ. “கூரையேறும் முன் கீழே ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள். வணக்கம்.”

விளக்கு அணைந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

“தலைமை ஆபீஸ் உங்களை விடாது,” என்றார் ஹதனாகா கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

“தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. என்னைத் தூக்கறதா இருந்தா, அந்த வாடிக்கையாளர் நம்பர்ல இருக்கற என் குரலையும் சேர்த்துத் தூக்கிடணும். நான் வெளியே போயிட்டு, அது மட்டும் உள்ள உக்காந்து ஒத்துக்கிட்டே இருக்கக் கூடாது.”

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் மேல்குரே வளைவோடு நின்றுவிட, மீதி தூரத்தை ஹிசானோ முழங்கால் பனியில் நடந்தாள். வீட்டு வாசலை மிதித்தபோது விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டின. அவ்வளவுதான். சரிவு முழுக்க ஒரு வெளிச்சமும் இல்லை.

“இருட்டு வந்தாச்சு,” என்றான் கென்சாகு இருட்டுக்குள்ளிருந்து. “மூணு நாளா, நாலு நாளா, பந்தயம் கட்டறியா?”

“கூரைப் பக்கம் போனீங்கன்னா நானே தள்ளி விடுவேன்.”

“ரேடியோவுல கேட்டேன் உன்னை. வீட்டுல பேசற மாதிரியே பேசினே. மேனேஜர் பாவம், எனக்கு அவர் நிலைமை நல்லாப் புரிஞ்சுது.”

அவள் மண்ணெண்ணெய் அடுப்பைத் தடவிப் பற்றவைத்து, பனியில் நனைந்த துணிகளை அதன்முன் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மூலையில் லேஸ் உறைக்கு அடியில் போன் அடித்தது. அந்த இருட்டில் அது வீடே அதிரும்படி அடித்தது. கென்சாகு அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“ஹிசானோ-சான்?” ஹதனாகாவின் குரல். பின்னால் ஏதோ கொதிக்கிற சத்தம். “அராய்-சான் கடையிலேர்ந்து பேசறேன். எங்க வீட்டுலயும் கரண்ட் இல்ல. வீட்டுப் போன்…”

“புது இணைப்பாச்சே.”

“செத்துடுச்சு. பாட்டரி இன்னும் எனக்கே வரல. செல்போன் கோபுரமும் போயிடுச்சு.” தொண்டையைச் செருமினார். “நகரத்துல என் பொண்ணு பயந்துட்டிருப்பா. அவகிட்ட இந்தப் போன்ல பேசிட்டேன். அப்புறம் உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு. தலைமை ஆபீஸ்லேர்ந்து நீங்க கிளம்பினப்புறம் கூப்பிட்டாங்க.”

“சொல்லுங்க.”

“வீடு வீடா கேக்க ஆள் அனுப்பறாங்க. ரேடியோவுல சொன்னதை அவங்களால திருப்பி எடுக்க முடியல. ஆனா நீங்க… திங்கள்லேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

அடுப்பின் நீலச்சுடர் ஒழுங்காக நின்றது. அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு நாற்காலி காலியானது போலிருந்தது. கென்சாகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோலுரித்த ஆரஞ்சை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

“நான் உங்களுக்காகப் பேசிப் பார்த்தேன்,” என்றார் ஹதனாகா.

“பேசியிருப்பீங்க. நன்றி, மேனேஜர்.” ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். “திங்கள்லேர்ந்துதானே?”

“ஆமா.”

“நாளைக்குச் சனிக்கிழமை. நண்பகல் அறிவிப்பு உண்டு. ஆபீஸ்ல ஜெனரேட்டர் இருக்கு. விடிஞ்சதும் பனிச்சப்பாத்து மாட்டிட்டு இறங்கிடுவேன்.”

“என்ன படிக்கப் போறீங்க?” என்றார் ஹதனாகா ஜாக்கிரதையாக.

“எந்தெந்த வீட்டுல போன் வேலை செய்யுது, எந்தெந்த வீட்டுல செய்யலைன்னு படிக்கப் போறேன். உங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கறேன். அந்த ஆளுங்களையும் சீக்கிரமா அனுப்பச் சொல்லுங்க, மேனேஜர். கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே வந்து கேக்கட்டும். மேல்குரேயில எல்லாரும் வீட்டுலதான் இருப்போம்.”